உயர்திறன் விசைப்படகு உந்துகை முறைகள்

உயர்திறன் விசைப்படகு உந்துகை முறைகள் என்பன, படகொன்றின் இயந்திரம் ஈட்டும் சுழற்சித் திறனை நீரில் உந்துவிசையாக மாற்றித் தரும் பொறியியல் அமைப்புகள் ஆகும். கியர்கள், தண்டுகள், தாங்கிகள், புரொப்பெல்லர் என வழங்கப்படும் உந்துசுழலி அல்லது நீர்த்தாரை எக்கி, திசைதிருப்பும் உறுப்புகள் ஆகியன இவற்றுள் அடங்கும். நேர்த்தண்டு, ஸ்டெர்ன் டிரைவ், அவுட்போர்டு, மேற்பரப்பு உந்துகை, நீர்த்தாரை, பாட் ஆகிய ஆறும் இன்று பரவலாகப் பயன்படும் முறைகள் ஆகும்.

ஒரு படகின் வல்லமையை இயந்திரத்தின் குதிரைத்திறனைக் கொண்டே மதிப்பிடுவது வழக்கம். ஆனால் இயந்திரம் ஈட்டும் திறன் முழுவதும் நீரைச் சென்றடைவதில்லை. இடையில் உள்ள உந்துகை முறை எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும், எந்த வேகத்தில் திறம்பட இயங்கும், நீரில் எவ்வளவு இழுவையை உண்டாக்கும் என்பவையே படகின் உண்மையான செயல்திறனை முடிவு செய்கின்றன. பொருந்தாத உந்துகை முறையுடன் இணைக்கப்பட்ட வலிமையான இயந்திரம் எரிபொருளை வீணாக்குவதுடன், கியர்களை உடைத்துப் படகைக் கடலில் செயலிழக்கவும் செய்யக்கூடும்.

அடிப்படைக் கோட்பாடுகள்

முறுக்குவிசை

திறன் என்பது முறுக்குவிசை, சுழற்சி வேகம் ஆகிய இரண்டின் பெருக்கம் ஆகும். எனவே ஒரே குதிரைத்திறன் கொண்ட இரு இயந்திரங்கள் வெவ்வேறு முறுக்குவிசையைத் தரலாம். எடுத்துக்காட்டாக, 600 குதிரைத்திறன் (ஏறத்தாழ 447 கிலோவாட்) கொண்ட பெட்ரோல் இயந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 5000 சுற்றுகளில் அத்திறனைத் தருவதாகக் கொண்டால், அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 854 நியூட்டன் மீட்டர் ஆகும். அதே 600 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 2300 சுற்றுகளில் தரும் டீசல் இயந்திரத்தின் முறுக்குவிசை ஏறத்தாழ 1857 நியூட்டன் மீட்டர் ஆகும்.

உந்துகை முறையின் உள்ளீட்டுத் தண்டும் அதனை அடுத்துள்ள கியர்களும் இந்த முறுக்குவிசையைத்தான் தாங்க வேண்டும். ஆகவே 600 குதிரைத்திறன் பெட்ரோல் இயந்திரத்துக்குப் போதுமான கியர், அதே திறன் கொண்ட டீசல் இயந்திரத்துக்குப் போதாமல் போகலாம். உந்துகை முறைகளுக்கு உற்பத்தியாளர்கள் குதிரைத்திறன் வரம்பை மட்டுமன்றி முறுக்குவிசை வரம்பையும் தருவதன் காரணம் இதுவே.

புரியிடை தூரமும் நழுவலும்

உந்துசுழலியை நீரில் முன்னேறும் ஒரு திருகாணியாகக் கருதலாம். திடப்பொருளில் ஒரு முழுச் சுற்றின்போது அது முன்னேறக்கூடிய தொலைவு புரியிடை தூரம் எனப்படுகின்றது. நீர் திடப்பொருள் அன்று. அதனால் உண்மையில் படகு செல்லும் தொலைவு இதனினும் குறைவாகவே இருக்கும். இவ்வேறுபாடு நழுவல் எனப்படும்.

புரியிடை தூரம் 21 அங்குலம் (0.533 மீட்டர்), இயந்திர வேகம் நிமிடத்துக்கு 5000 சுற்றுகள், கியர் விகிதம் 2:1 எனக் கொள்வோம். உந்துசுழலி நிமிடத்துக்கு 2500 முறை சுழலும். கோட்பாட்டு வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆகும். நழுவல் 12 விழுக்காடு எனில் படகின் உண்மையான வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டராக இருக்கும்.

குமிழாக்கம்

உந்துசுழலியின் அலகுகள் மிக விரைவாகச் சுழலும்போது, அவற்றின் ஒரு பக்கத்தில் அழுத்தம் பெரிதும் குறைகின்றது. அழுத்தம் நீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால், சாதாரண வெப்பநிலையிலேயே நீர் கொதித்து நீராவிக் குமிழ்கள் தோன்றும். கேவிட்டேசன் எனப்படும் இந்நிகழ்வால் உந்துவிசை குறைகின்றது. குமிழ்கள் உயர் அழுத்தப் பகுதியை அடைந்து உடையும்போது ஏற்படும் அதிர்ச்சி அலகின் உலோகத்தையே அரித்துவிடும். ஓர் உந்துசுழலியின் வழியே செலுத்தக்கூடிய திறனுக்கு வரம்பு விதிக்கும் முதன்மையான காரணிகளுள் இதுவும் ஒன்றாகும்.

வரலாறு

1836 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பெட்டிட் சிமித், ஜான் எரிக்சன் ஆகிய இருவரும் தனித்தனியே திருகு உந்துசுழலிக்குக் காப்புரிமை பெற்றனர். 1845 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை, உந்துசுழலி பொருத்திய ராட்லர் என்னும் கப்பலையும் துடுப்புச் சக்கரங்கள் பொருத்திய அலெக்டோ என்னும் கப்பலையும் பின்புறமாகக் கட்டி எதிரெதிர்த் திசைகளில் இழுக்கச் செய்தது. ராட்லர், அலெக்டோவை ஏறத்தாழ 2.8 நாட் வேகத்தில் பின்னோக்கி இழுத்துச் சென்றது. (1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் ஆகும்.)

திறன் மிகும்போது உந்துகை முறையே தடையாகிவிடும் என்பதனை முதலில் தெளிவாக உணர்த்திய கலங்களுள் டர்பீனியா குறிப்பிடத்தக்கது. நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் 1894 ஆம் ஆண்டில் இக்கலத்தை வெள்ளோட்டம் விட்டார். இயந்திரம் வலிமையானதாக இருந்தும், ஒரே தண்டுடன் நடந்த தொடக்கச் சோதனைகளில் அது 20 நாட் வேகத்தைக்கூட எட்டவில்லை. குமிழாக்கமே இதற்குக் காரணம் எனக் கண்டறிந்த பார்சன்ஸ், அதனை ஆராய்வதற்கென்று 1895 இல் ஒரு நீர்ச்சுரங்கத்தையும் அமைத்தார். பின்னர் மூன்று தண்டுகளும், தண்டுக்கு மூன்றாக ஒன்பது உந்துசுழலிகளும் பொருத்தப்பட்டன. 1897 ஆம் ஆண்டில் டர்பீனியாவின் வேகம் 34 நாட் அளவை எட்டியது.

இருபதாம் நூற்றாண்டில் சிறிய படகுகளுக்கான முறைகள் வளர்ந்தன. ஓலே எவின்ரூடு 1909 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அவுட்போர்டு இயந்திரங்களை வணிக முறையில் விற்கத் தொடங்கினார். 1954 ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த பில் ஹாமில்டன் தமது நீர்த்தாரைப் படகை உருவாக்கினார். அமெரிக்கப் பொறியாளர் ஜிம் வின்னின் வடிவமைப்பைக் கொண்டு சுவீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959 ஆம் ஆண்டில் அக்வாமேட்டிக் என்னும் ஸ்டெர்ன் டிரைவை அறிமுகப்படுத்தியது. அதே நிறுவனம் 2005 இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஐ.பி.எஸ் அமைப்பு, உல்லாசப் படகுகளில் பாட் முறையைப் பரவலாக்கியது.

வகைகள்

நேர்த்தண்டு முறை

இதில் இயந்திரம் படகின் உள்ளே, பெரும்பாலும் நடுப்பகுதியில் அமைந்திருக்கும். கியர் பெட்டியிலிருந்து புறப்படும் தண்டு, படகின் அடிப்பகுதியைச் சாய்வாகத் துளைத்துச் சென்று வெளியே உள்ள உந்துசுழலியைச் சுழற்றும். படகைத் திருப்பத் தனியாகச் சுக்கான் தேவை.

திறன் செல்லும் பாதை ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால், இம்முறை மிகுந்த முறுக்குவிசையைத் தாங்கும். பகுதிகள் குறைவு, பழுதும் குறைவு. தமிழகக் கடற்கரையின் இழுவைமடிப் படகுகள் பெரும்பாலும் டீசல் இயந்திரத்துடன் இம்முறையையே பயன்படுத்துகின்றன. தண்டு சாய்ந்திருப்பதனால் உந்துவிசையின் ஒரு பகுதி மேல்நோக்கிச் செல்வதும், தண்டு, தாங்கிக் கால்கள், சுக்கான் ஆகியன உயர் வேகத்தில் இழுவையை உண்டாக்குவதும் இதன் குறைகள் ஆகும்.

இயந்திரத்தைப் படகின் பின்பகுதியில் வைக்க வேண்டியிருந்தால் வி-டிரைவ் என்னும் மாற்று அமைப்பு பயன்படுகின்றது. இதில் திறன் முதலில் இயந்திரத்திலிருந்து முன்னோக்கிச் சென்று, கியர் பெட்டியில் திரும்பி, இயந்திரத்தின் அடியில் செல்லும் தண்டு வழியே பின்னோக்கிச் செல்லும்.

ஸ்டெர்ன் டிரைவ்

இதில் இயந்திரம் படகின் உள்ளே, பின்பலகையை ஒட்டி அமைந்திருக்கும். பின்பலகைக்கு வெளியே தொங்கும் கால் போன்ற பகுதியில் கியர்களும் உந்துசுழலியும் இருக்கும். கிடையாக வரும் திறன் முதலில் செங்குத்தாகக் கீழே திரும்பி, பின்னர் மீண்டும் கிடையாகத் திரும்புகின்றது. இரு இடங்களிலும் சாய்பற்சக்கரங்கள் உள்ளன.

காலைப் பக்கவாட்டில் திருப்பிப் படகின் திசையை மாற்றலாம். ஆழம் குறைந்த இடங்களில் அதனை மேலே தூக்கலாம். கோணத்தைச் சிறிது மாற்றிப் படகின் முன்பகுதியை உயர்த்தவோ தாழ்த்தவோ இயலும். இவ்வசதிகளுக்கு விலை உண்டு. முறுக்குவிசை முழுவதும் இரு சோடிச் சாய்பற்சக்கரங்களின் பற்கள் வழியே செல்ல வேண்டும். இழுவையைக் குறைக்கக் காலை மெலிதாக்க வேண்டும். வலிமைக்காகவோ கியரைப் பெரிதாக்க வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை.

இச்சுமையைப் பகிர்வதற்கான வழிகளுள் ஒன்று எதிரெதிராகச் சுழலும் இரட்டை உந்துசுழலி ஆகும். வால்வோ பென்டா 1982 இல் டியோபுரொப் என்னும் பெயரில் இதனை அறிமுகப்படுத்தியது. முன் சுழலி நீரில் உண்டாக்கும் சுழலோட்டத்தின் ஆற்றலைப் பின் சுழலி மீட்டுக்கொள்கின்றது. 1959 இன் முதல் அக்வாமேட்டிக் 80 குதிரைத்திறன் கொண்டதாக இருந்தது. மெர்குரி ரேசிங் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட பந்தய வகை ஸ்டெர்ன் டிரைவ் இயந்திரம் 1350 குதிரைத்திறன் கொண்டது. அதற்கெனத் தனியாக வலுவூட்டிய எம்8 என்னும் உந்துகைக் காலும் வடிவமைக்கப்பட்டது.

அவுட்போர்டு

இயந்திரம், கியர், உந்துசுழலி ஆகிய அனைத்தும் ஒரே தொகுதியாகப் பின்பலகைக்கு வெளியே பொருத்தப்படுவது அவுட்போர்டு ஆகும். இயந்திரத்தின் முதன்மைத் தண்டு செங்குத்தாக நிற்பதனால், திறன் ஒரு முறை மட்டுமே திசை திரும்பினால் போதும். படகின் உள்ளே இடம் மிஞ்சுகின்றது. பழுதுபட்டால் முழுத் தொகுதியையும் கழற்றி மாற்றலாம்.

நீண்ட காலமாகச் சிறு படகுகளுக்கு உரியதாகக் கருதப்பட்ட இம்முறை, இன்று உயர்திறன் படகுகளிலும் பரவியுள்ளது. மெர்குரி மரீன் நிறுவனம் 2021 இல் 600 குதிரைத்திறன் கொண்ட, 12 உருளைகள் உள்ள வெராடோ இயந்திரத்தை வெளியிட்டது. இதன் எடை 572 கிலோகிராம் அளவிலிருந்து தொடங்குகின்றது. இவ்வளவு பெரிய இயந்திரத்தை முழுமையாகப் பக்கவாட்டில் திருப்புவது கடினம் என்பதனால், நீரில் மூழ்கிய கீழ்ப்பகுதி மட்டும் தனியே திரும்புமாறு இது வடிவமைக்கப்பட்டுள்ளது. இரு வேகக் கியரும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை உந்துசுழலிகளும் இதில் உள்ளன. படகின் பின்முனையில் எடை குவிவது இம்முறையின் பொதுவான குறையாகும்.

மேற்பரப்பு உந்துகை

இதில் உந்துசுழலியின் ஏறத்தாழ பாதி மட்டுமே நீரில் மூழ்கியிருக்கும். எஞ்சிய பாதி காற்றில் சுழலும். ஒவ்வோர் அலகும் நீரில் நுழையும்போது தன்னுடன் காற்றையும் இழுத்துச் செல்வதால், தாழழுத்தப் பகுதியில் நீராவிக்கு மாற்றாகக் காற்று நிரம்புகின்றது. இதனால் குமிழாக்கத்தின் அரிப்பு பெரிதும் தவிர்க்கப்படுகின்றது. தண்டும் தாங்கிகளும் பெரும்பாலும் நீருக்கு மேலே இருப்பதால் இழுவையும் மிகவும் குறைகின்றது.

1950 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரை அடுத்த வாசிங்டன் ஏரியில் சுலோ-மோ-சன் 4 என்னும் பந்தயப் படகு மணிக்கு 160 மைல் வேகத்தைக் கடந்து உலகச் சாதனை படைத்தது. அதிவேகத்தில் அதன் உந்துசுழலி பாதியளவு நீருக்கு மேலே சுழன்றது. பின்னாளில் அவார்டு ஆர்னசன் என்பவர், மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையக்கூடிய மேற்பரப்பு உந்துகை அமைப்பை உருவாக்கினார். இது அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. இலங்கைக் கடற்படை வாங்கிய இசுரேலியத் தயாரிப்பான சூப்பர் டிவோரா மார்க் 2 விரைவுத் தாக்குதல் படகுகளில் இவ்வகை உந்துகை பயன்படுத்தப்பட்டது.

குறைந்த வேகத்தில் உந்துவிசை போதாமை, பின்னோக்கிச் செலுத்தும்போது திறமின்மை, அலகுகள் நீரில் மோதி நுழைவதால் ஏற்படும் அதிர்வு ஆகியன இதன் குறைகள் ஆகும்.

நீர்த்தாரை

இதில் வெளியே சுழலும் அலகுகள் இல்லை. படகின் அடியில் உள்ள திறப்பின் வழியே நீர் உள்ளிழுக்கப்பட்டு, எக்கியின் உட்சுழலியால் விரைவுபடுத்தப்பட்டு, பின்புறக் குழல்வாய் வழியே தாரையாக வெளியேற்றப்படுகின்றது. குழல்வாயைத் திருப்பித் திசையை மாற்றலாம். தாரையின் முன்னே ஒரு வளைந்த தகட்டை இறக்கி அதனை முன்னோக்கித் திருப்பினால் படகு பின்செல்லும். இதற்கெனத் தனிப் பின்கியர் தேவையில்லை.

ஆழம் குறைந்த நீரில் செல்ல இயல்வது இதன் பெருஞ்சிறப்பாகும். ஹாமில்டன் இதனை உருவாக்கியதும் நியூசிலாந்தின் ஆழமற்ற, விரைவோட்டம் கொண்ட ஆறுகளுக்காகவே. 1960 ஆம் ஆண்டில் ஹாமில்டன் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் ஊடாக எதிர்நீரோட்டத்தில் ஏறிச் சென்றன. கொல்கத்தாவில் கட்டப்பட்டு 2009 இல் சென்னையில் இந்தியக் கடற்படையில் இணைக்கப்பட்ட கார் நிக்கோபார் என்னும் சுற்றுக்காவல் கலமும் நீர்த்தாரை முறையில் இயங்குவதாகும். ஆத்திரேலியாவின் இன்காட் நிறுவனம் கட்டிய, 2013 இல் சேவைக்கு வந்த பிரான்சிஸ்கோ என்னும் பயணிகள் கப்பல், இரு எரிவளிச் சுழலிகளாலும் நீர்த்தாரைகளாலும் சோதனை ஓட்டத்தில் 58 நாட் வேகத்தை எட்டியது.

சிறிதளவு நீரை மிகு வேகத்தில் வெளியேற்றுவதனால், மெதுவாகச் செல்லும்போது இம்முறையின் திறன் குறைவு. பொதுவாக 25 முதல் 30 நாட் வரையிலான வேகத்துக்கு மேலேதான் இது உந்துசுழலியுடன் போட்டியிடத் தொடங்குகின்றது. கடற்பாசி, நெகிழிப் பை, கயிறு ஆகியன உள்ளிழுக்கப்பட்டால் அடைப்பு ஏற்படும்.

பாட்

படகின் அடியில், கீழ்நோக்கி நீண்ட சுழலக்கூடிய காலில் உந்துசுழலிகளைப் பொருத்துவது பாட் முறை ஆகும். தண்டு கிடையாக இருப்பதால் உந்துவிசை முழுவதும் படகின் திசையிலேயே அமைகின்றது. ஐ.பி.எஸ் அமைப்பில் உந்துசுழலிகள் முன்னோக்கி அமைந்து, கலங்காத நீரில் சுழல்கின்றன. இரு பாட்களையும் கணினி தனித்தனியே திருப்புவதனால், ஒரே கைப்பிடியைக் கொண்டு படகைப் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். மிகுந்த விலை, சிக்கலான மின்னணுக் கட்டுப்பாடு, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருப்பதால் தரைதட்டும்போது ஏற்படும் சேதம் ஆகியன இதன் குறைகள் ஆகும்.

ஒப்பீடு

- நேர்த்தண்டு: முறுக்குவிசை தாங்கும் ஆற்றல் மிக அதிகம், பராமரிப்பு எளிது, உயர் வேகத்தில் இழுவை அதிகம்.
- ஸ்டெர்ன் டிரைவ்: நடுத்தர முதல் உயர் வேகத்துக்கு ஏற்றது, தூக்கலாம், கியர்களும் இரப்பர் உறைகளும் பலவீனமான பகுதிகள்.
- அவுட்போர்டு: பொருத்துவதும் மாற்றுவதும் எளிது, எடை முழுவதும் பின்முனையில் அமையும்.
- மேற்பரப்பு உந்துகை: மிக உயர்ந்த வேகத்துக்கு ஏற்றது, மெதுவாகச் செலுத்துவது கடினம்.
- நீர்த்தாரை: ஆழமற்ற நீருக்கும் மீட்புப் பணிக்கும் ஏற்றது, குறைந்த வேகத்தில் எரிபொருள் வீண்.
- பாட்: பயண வேகத்தில் சிக்கனம், கட்டுப்பாடு எளிது, விலை அதிகம்.

உயர்திறனில் எழும் சிக்கல்கள்

அலைகளின் மீது விரைந்து செல்லும் படகு அவ்வப்போது நீரிலிருந்து எழும்பும். அக்கணத்தில் உந்துசுழலிக்கு எதிர்ப்பு இல்லாததால் இயந்திரம் கட்டுமீறிச் சுழலும். மீண்டும் நீரில் விழும்போது அச்சுழற்சி திடீரெனத் தடுக்கப்படுகின்றது. அப்போது கியர்களில் ஏற்படும் அதிர்ச்சிச் சுமை, இயந்திரத்தின் இயல்பான முறுக்குவிசையினும் பன்மடங்கு மிகுதியாக இருக்கலாம். கடல் பந்தயப் படகுகளில் படகு எழும்பும்போதெல்லாம் விசைமிதியைத் தளர்த்துவதற்கென்றே ஒருவர் தனியாக அமர்ந்திருப்பது இதனாலேயே ஆகும்.

நீரில் மூழ்கிய பகுதியின் இழுவை, வேகத்தின் இருமடியைப் பொறுத்து உயர்கின்றது. அதனைக் கடக்கத் தேவைப்படும் திறன் மும்மடியைப் பொறுத்து உயர்கின்றது. அதாவது வேகம் இரு மடங்கானால், அப்பகுதியை இழுப்பதற்கு மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். எனவே மிக உயர்ந்த வேகங்களில், நீருக்குள் குறைவான பகுதிகளைக் கொண்ட முறைகளே முன்னிலை பெறுகின்றன. 1978 ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவில் கென் வார்பி மணிக்கு 511 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்திச் சாதனை படைத்த படகு, உந்துசுழலியையே கைவிட்டு வானூர்தியின் தாரைப் பொறியைப் பயன்படுத்தியது.

பாதுகாப்பு

உந்துகை முறையின் தேர்வு உயிர்ப் பாதுகாப்புடன் நேரடித் தொடர்புடையது. சுழலும் அலகுகள் நீரில் விழுந்தவருக்குக் கொடுங்காயத்தை ஏற்படுத்தக்கூடும். நீர்த்தாரை முறையில் இவ்வாபத்து மிகக் குறைவு. எனினும், விசையைத் திடீரெனக் குறைத்தால் நீர்த்தாரைப் படகு திரும்பும் ஆற்றலையும் இழக்கின்றது என்பதனைச் செலுத்துபவர் நினைவிற்கொள்ள வேண்டும். இடரைத் தவிர்க்க விசையைக் குறைப்பது மனித இயல்பு. அச்செயலே மோதலுக்குக் காரணமாகலாம்.

செலுத்துபவர் நீரில் விழுந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு மற்றொரு இன்றியமையாத சாதனமாகும். ஐக்கிய அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான நீளமுள்ள விசைப்படகுகளில் இத்தகைய சாதனத்தைப் பயன்படுத்துவதனை 2021 ஏப்ரல் முதல் கூட்டரசுச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது.

ஸ்டெர்ன் டிரைவில் பின்பலகைத் துளையை மூடியிருக்கும் துருத்தி போன்ற இரப்பர் உறை காலப்போக்கில் வெடித்துவிடும். அதன் வழியே நீர் புகுந்து நங்கூரமிட்ட படகும் மூழ்கலாம். மேலும் உப்புநீரில் வெவ்வேறு உலோகங்கள் அருகருகே இருப்பதனால் மின்வேதி அரிப்பு ஏற்படுகின்றது. தாமே அரிந்து பிற பகுதிகளைக் காக்கும் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டிகள் பொருத்தப்பட்டு, குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும்.

தேர்ந்தெடுத்தல்

பொருத்தமான முறையைத் தேர்வதற்கு இயந்திரத்தின் குதிரைத்திறனிலிருந்து தொடங்குவதனைவிடப் படகின் பணியிலிருந்து தொடங்குவதே முறையாகும். படகின் எடை, வழக்கமாகச் செல்லும் வேகம், நீரின் ஆழம், அலைகளின் தன்மை, பழுது நீக்கும் வசதி ஆகியவற்றை முதலில் வரையறுக்க வேண்டும். அடுத்து, இயந்திரத்தின் உச்ச முறுக்குவிசையை உந்துகை முறையின் வரம்புடன் ஒப்பிட வேண்டும். அதன் பின்னரே கியர் விகிதமும் உந்துசுழலியின் விட்டமும் புரியிடை தூரமும் முடிவு செய்யப்படுகின்றன.

பழைய படகில் வலிமையான புதிய இயந்திரத்தைப் பொருத்துவோர் இவ்வரிசையைத் தவறவிடுவது உண்டு. இயந்திரத்தை மட்டும் மாற்றி, உந்துகை முறையை அவ்வாறே விட்டால், கூடுதல் திறன் அத்தொடரின் மிக வலுக்குறைந்த பகுதியைச் சென்று தாக்கும். கரையிலிருந்து தொலைவில் கியர் உடைந்தபின், இயந்திரம் எத்தனை குதிரைத்திறன் கொண்டதாயினும் அதனால் படகை ஓர் அடியும் நகர்த்த இயலாது.